இரண்டு நொடி யாருக்காக?

கேமராவில் செல்ஃப் டைமரைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும்: 10 நொடி, 2 நொடி. கைபேசியில் சின்ன எண் 3 ஆக இருக்கலாம். பத்து நொடிக்கு விளக்கம் தேவையில்லை. பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நின்றுகொள்ள அந்த அவகாசம் போதும். இரண்டு நொடியில் என்ன செய்ய முடியும்? கேமராவைச் சுற்றி முன்னால் வருவதற்குள் படம் விழுந்துவிடும். அப்படியிருந்தும் கேமரா செய்பவர்கள் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஏன்?

இதோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. விளக்கு வைக்கும் நேரம். கேமராவை ட்ரைபாடில் இறுகப் பூட்டி ஒரு கோயில் கோபுரத்தை எடுக்கிறோம். பின்திரையில் பார்க்கும்போது படம் அருமை. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் சிற்பங்களின் விளிம்பெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. கை நடுங்கிவிட்டது என்று சொல்ல வழியில்லை. கேமரா கையிலேயே இல்லை. பிறகு அதை ஆட்டியது யார்?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு அந்த விடையைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

கிழக்கே கோட்டையில் ஒரு மாலை

பத்மநாபசுவாமி கோயில் கோபுரம் ஏழு நிலைகள் கொண்டது. உயரம் சுமார் 100 அடி, அதாவது 30 மீட்டர். அடித்தளம் போட்டது 1566-இல். சேர நாட்டுக் கோயில்களில் இத்தகைய ராஜகோபுரம் அபூர்வம். இது பாண்டிய நாட்டுப் பாணியில் எழுந்தது. அருகிலுள்ள சாலை பஜாரில் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பும் தமிழர்களுக்கு அது ஊர் ஞாபகத்தைக் கொண்டுவந்துவிடும்.

பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்கள் ஆண்டுக்கு இரண்டு. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய தேதிகளை ஒட்டி அவை வரும். இவற்றைச் சம இரவு நாட்கள் என்கிறோம். அன்று சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. கோபுரம் கிழக்கு நோக்கி நிற்பதால், அதன் எதிரில் நின்று மேற்கே பார்ப்பவருக்குச் சூரியன் கோபுரத்தின் பின்னால் இறங்குவது தெரியும். கோபுரத்தின் நிலைகளில் நடுவே ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறப்புகள் இருக்கின்றன. சூரியன் ஒரு திறப்பில் எட்டிப் பார்க்கும், மறையும், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த திறப்பில் தோன்றும். இதைப் பார்க்கவும் படமெடுக்கவும் கோயிலின் முன்னுள்ள கிழக்கே கோட்டைப் பகுதியில் ஆண்டுதோறும் கூட்டம் கூடுகிறது.

கோபுரத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். வானத்தில் சூரியனின் அகலம் அரை பாகைக்குச் சற்று அதிகம். 200 மீட்டர் தொலைவில் அந்த அளவு சுமார் 1.85 மீட்டர் அகலத்தை மறைக்கும். ஆள் உயரமுள்ள ஒரு நெருப்புத் தட்டு கோபுரத்தின் மேல் இறங்குவதாகக் கண்ணுக்குத் தெரியும். பாதி தூரம் முன்னே போனால், கோபுரத்தோடு ஒப்பிடும்போது சூரியன் பாதியாகச் சுருங்கிவிடும். பின்னே போகப்போகத் திறப்பை அடைத்துக்கொண்டு நிற்கும். நல்ல படம் கிடைப்பதில் பாதி, நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

அடுத்தது வேகம். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை பாகைதான் வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகவே இறங்குகிறது. 200 மீட்டர் தொலைவுக்கு மாற்றிச் சொன்னால், கோபுரத்தின் மேல் நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே 4 மீட்டர் இருந்தால் அதைக் கடக்க நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு திறப்பு என்று ஊரில் சொல்வதோடு இது பொருந்தி வருகிறது.

சரி, சூரியன் திறப்பில் வந்து நிற்கும்போது 10 நொடி டைமரை வைத்தால் என்ன ஆகும்? பத்து நொடியில் சூரியன் 15 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். தன் அகலத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு. படத்தில் அது தெரியக்கூடத் தெரியாது. டைமர் காத்திருப்பதால் சூரியன் நமக்குத் தவறிப்போவதில்லை. குறுக்கே பறக்கும் புறா நிச்சயம் தவறிப்போகும். அசையும் உயிர்களுக்காகக் காத்திருப்பவர் பொத்தானில் விரலை வைத்தே நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கண்ணால் நேராகப் பார்க்கும் கண்ணாடித் துவாரம் உள்ள கேமராவில், டெலி லென்ஸ் வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது. பார்வையைப் பறித்துவிடும். பின்திரையை மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஒரு தாள் கனம் அசைந்தால்

சூரியன் மறைந்தாயிற்று. வானம் கருநீலமாகிறது, கோபுரத்தில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. இந்த நேரம் நம் பக்கத்தில் மிகக் குறைவு. சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இருபது நிமிடத்தில் நல்ல வெளிச்சம் போய்விடும். லண்டனில் இதற்கு அரை மணிக்கு மேல் ஆகும். கிடைத்த இருபது நிமிடத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும்.

கேமரா ஷட்டரைத் திறந்து வைத்து ஒளியை உள்ளே விடும் நேரத்தை ஒளியேற்பு நேரம் என்று சொல்வோம். அந்தி வெளிச்சத்துக்கு அரை நொடி தேவைப்படுகிறது என்று கொள்வோம். கையில் பிடித்து எடுக்க முடியாது. ட்ரைபாடில் வைத்து, 200 மில்லிமீட்டர் டெலி லென்ஸ் போட்டிருக்கிறோம். கேமராவின் உள்ளே படம் விழும் சென்சாரின் நீளம் 36 மில்லிமீட்டர். அதில் வரிசைக்கு 6000 பிக்சல். 30 மீட்டர் கோபுரத்தின் படம் சென்சாரில் 30 மில்லிமீட்டராக விழும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் முழுக் கோபுரமும் கச்சிதமாக அடங்கிவிடும்.

6000 பிக்சல் 36 மில்லிமீட்டரில் இருந்தால், கோபுரத்தின் மேல் ஒரு பிக்சலின் பங்கு 6 மில்லிமீட்டர். அதாவது கோபுரத்தில் ஒரு விரற்கடையைவிடச் சிறிய துண்டைக்கூட இந்தக் கேமரா தனித்தனியாகப் பார்க்க வல்லது. இந்தக் கூர்மைக்குத்தான் நாம் காசு கொடுத்திருக்கிறோம்.

இப்போது விரலால் பொத்தானை அழுத்துகிறோம். எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் கேமரா ஓர் இம்மி தலை குனியும். லென்ஸின் முனை, ட்ரைபாடின் பூட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முனை 0.1 மில்லிமீட்டர் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒரு வெள்ளைத் தாளின் கனம் அது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் புலப்படாது.

20 சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் என்றால் 2000-இல் ஒரு பங்கு. அதே விகிதம் 200 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர். கேமராவின் பார்வை கோபுரத்தில் 10 சென்டிமீட்டர் சறுக்கிவிட்டது. பிக்சலில் சொன்னால் 17. ஒரு தாள் கனம் அசைந்ததற்கு 17 பிக்சல் தண்டனை. தொலைவைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ் அசைவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

ஆக, கேமராவை ஆட்டியது நம் விரல்தான்.

ஊஞ்சல் நிற்கும் நேரம்

விரலை எடுத்ததும் கேமரா அசையாமல் நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. அது நிற்பதில்லை. கூடத்து ஊஞ்சலிலிருந்து ஒருவர் எழுந்து போனபிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் வீச்சு கொஞ்சம் குறைந்து கடைசியில் நிற்கிறது. ட்ரைபாடும் அப்படித்தான் ஆடுகிறது, மிகச் சிறிய வீச்சில், மிக வேகமாக. கால்களின் உலோகமோ கார்பன் நாரோ, மூட்டுகளின் உராய்வு, கீழேயுள்ள தரை எல்லாம் சேர்ந்து அந்த ஆட்டத்தின் ஆற்றலைக் கொஞ்சங்கொஞ்சமாக உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகின்றன. இப்படி அதிர்வு அடங்குவதற்குத் தணிவு என்று பெயர்.

தணிவின் சிறப்பு, அது கழித்தல் கணக்காக நடப்பதில்லை, பங்குக் கணக்காக நடக்கிறது. ஒரு நல்ல ட்ரைபாட் நொடிக்குப் பத்து முறை ஆடுவதாகவும், ஒவ்வொரு ஆட்டத்திலும் வீச்சு முந்தையதில் முக்கால் பங்காகக் குறைவதாகவும் வைத்துக்கொள்வோம். 17 பிக்சலில் தொடங்கினால் முதல் ஆட்டம் முடியும்போது கிட்டத்தட்ட 13, அடுத்து 10, அடுத்து 7. ஒரு நொடி முடியும்போது ஒரு பிக்சல்தான் மிச்சம். இரண்டு நொடி முடியும்போது பிக்சலில் இருபதில் ஒரு பங்கு. சென்சாருக்கு அது இல்லாததற்குச் சமம்.

அந்த 2 நொடி யாருக்காக என்பது இப்போது விளங்கும். ஓடிப்போய் நிற்பவருக்காக அல்ல, ஆடி அடங்க வேண்டிய ட்ரைபாடுக்காக. விரல் பட்ட நேரத்தையும் படம் விழும் நேரத்தையும் பிரித்து வைப்பதே செல்ஃப் டைமரின் வேலை. நாம் படத்துக்குள் போய் நிற்க அது உதவுகிறது என்பது அந்தப் பிரிவினையின் ஒரு பயன் மட்டுமே.

கணக்கை இன்னும் ஒரு படி நகர்த்துவோம். மலிவான, மெல்லிய கால்கள் கொண்ட ட்ரைபாட். நடுக்கம்பியை முழுக்க உயர்த்தியிருக்கிறோம். நொடிக்கு ஐந்து முறைதான் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. இரண்டு நொடி கழித்தும் 6 பிக்சல் அசைவு மிச்சமிருக்கும். ஐந்து நொடியிலும் ஒரு பிக்சலுக்குக் குறையாது. பத்து நொடி காத்தால்தான் அடங்கும். எனவே இரண்டு நொடி என்பது இயற்கையின் விதி அல்ல. நல்ல ட்ரைபாடை மனதில் வைத்து நிர்ணயித்த ஒரு மதிப்பீடு. ட்ரைபாட் ஒல்லியாக இருந்தால், லென்ஸ் நீளமாக இருந்தால், யாரும் ஓடப் போவதில்லை என்றாலும் 10 நொடியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

எந்த வேகத்தில் ஆபத்து?

டைமர் எப்போதும் தேவையா? அதே கோபுரம், அதே ட்ரைபாட், அதே விரல். அரை மணி முன்னால் சூரியனை எடுத்தோமே, அப்போது வெளிச்சம் மிகுதி. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடியே திறந்தது. ஆட்டம் உச்ச வேகத்தில் இருக்கும் கணத்தில் எடுத்தாலும், அவ்வளவு குறுகிய நேரத்தில் பார்வை ஒரு பிக்சல்தான் நகரும். அங்கே டைமர் வேண்டியதில்லை.

ஒளியேற்பு நேரம் பத்தில் ஒரு நொடியானால் கதை வேறு. அது ட்ரைபாடின் ஒரு முழு ஆட்டத்துக்குச் சமம். மேலும் கீழுமாக 30 பிக்சலுக்கு மேல் கோடு இழுத்துவிடும். கோபுரத்தில் ஒரு சாணுக்கு நெருக்கம். சிற்பத்தின் முகம் முழுக்க அதில் கரைந்துவிடும். முப்பதில் ஒரு நொடியிலிருந்து ஓரிரு நொடி வரையிலான பகுதிதான் படுகுழி.

அதற்கும் மேலே போனால் வியப்பான ஒரு மாற்றம் நடக்கிறது. முப்பது நொடி ஷட்டரைத் திறந்து வைத்தால், ஆட்டம் இருப்பது முதல் ஒரு நொடியில்தான். மீதி 29 நொடியும் கேமரா அசையாமல் ஒளியைச் சேர்க்கிறது. முதல் நொடியின் குழப்பம் மொத்த ஒளியில் முப்பதில் ஒரு பங்காகி அமுங்கிவிடும். நேரம் கூடக்கூட மங்கல் கூடும் என்று நினைப்போம். ஓர் எல்லைக்கு மேல் அது குறைகிறது.

விளக்குகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முறஜபம் என்னும் வேத பாராயணம் 56 நாள் நடக்கும். அதன் நிறைவில் லட்சதீபம். 2020 ஜனவரி 15 அன்று அப்படி ஒரு லட்சதீபம் நடந்தது. கோபுரம் முழுக்கச் சுடர்கள். சுடர் ஒவ்வொன்றும் அத்தனை பிரகாசம் என்பதால், ஒரு நொடியின் பங்கே சென்சாரில் பதியப் போதுமானது. விரல் பட்ட அதிர்வு ஒவ்வொரு சுடரின் பக்கத்திலும் ஒரு சின்னப் புழுவாக நெளிந்து நிற்கும். அந்த மாதிரி இரவில் ஒளியேற்பு நேரம் எவ்வளவாக இருந்தாலும் டைமரை விடக் கூடாது.

டைமர் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசுக்காக அந்த நாட்டின் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தவர் ஸக்கரியாஸ் டி குரூஸ். அவர் காலத்துக் கண்ணாடித் தகடுகள் ஒளிக்குச் சோம்பலானவை. மங்கலான இடங்களில் நொடிக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, மனதுக்குள் எண்ணி, மூடுவதே அப்போதைய வழக்கம். அந்த முறையில் ஒரு வித்தை ஒளிந்திருக்கிறது. மூடியைக் கழற்றினாலும் லென்ஸின் முன்னால் ஒட்டாமல் பிடித்துக்கொண்டு, கேமரா ஆடி அடங்கியபின் விலக்கலாம். இன்றைக்கும் லட்சதீபம் போன்ற நீண்ட ஒளியேற்புக்கு, லென்ஸின் முன் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறந்து, பிறகு அட்டையை விலக்குபவர்கள் உண்டு. பொத்தானில் இருக்கும் டைமரின் அதே தத்துவம், கையால் நடக்கிறது.

மேத்தன் மணியும் கேமராவின் கிர்ர் ஒலியும்

பத்மதீர்த்தக் குளத்தை நோக்கி, கருவேலப்புர மாளிகையின் மேல் 19-ஆம் நூற்றாண்டுக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. பெயர் மேத்தன் மணி. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தாடிக்காரர் ஒருவர் வாயைத் திறந்து மூடுவார். இரண்டு ஆடுகள் இருபுறமும் அவர் கன்னத்தில் வந்து முட்டும். கோபுரத்தைப் படமெடுக்க வருபவர்கள் ஒரு நிமிடம் அதன் கீழே நின்று போகலாம். பழைய கேமராவின் செல்ஃப் டைமரும் இத்தகைய கடிகாரங்களின் சிறிய உறவுதான்.

பொறிக் கடிகாரம் எதுவானாலும் இரண்டு காரியம் நடக்க வேண்டும். தொங்கும் எடையோ சுருட்டிய வில்லோ ஆற்றலைத் தர வேண்டும். அந்த ஆற்றல் ஒரே பாய்ச்சலில் தீர்ந்துவிடாமல் தவணை முறையில் வெளிவர வேண்டும். இரண்டாவதைச் செய்வது, பற்கள் கொண்ட ஒரு சக்கரமும் அதன்மேல் இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு கவையும். கவை ஒரு பல்லைத் தடுக்கும், விடும், அடுத்ததைத் தடுக்கும். இதை விட்டுத்தடுப்பு என்று அழைக்கலாம். கடிகாரத்தின் டிக் டிக் ஒலி இதிலிருந்துதான் வருகிறது.

பழைய ஃபிலிம் கேமராக்களின் முன்பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே திருப்பினால் உள்ளே வில் சுருளும். விடுவித்ததும் நெம்புகோல் கிர்ர் என்ற ஒலியோடு மெல்ல மேலேறும். சில பல்சக்கரங்களும் ஒரு விட்டுத்தடுப்பும் அதன் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. பயணம் முடியும் இடத்தில் அது ஷட்டரின் கொக்கியைத் தட்டிவிடும். லைக்கா கேமராக்களில் தொடக்கத்தில் இந்த வசதி இல்லை; டைமரைத் தனியாக வாங்கித் திருகிக்கொள்ள வேண்டியிருந்தது. 1954-இல்தான் லைக்கா மூன்று எஃப் மாடலில் உடலோடு சேர்ந்தே வந்தது.

கடிகாரத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு. கடிகாரத்தின் கவையை ஓர் ஊசலோ மயிர்ச்சுருளோ கட்டுப்படுத்துகிறது. அதனால் தாளம் பிசகாது. கேமராவின் கவைக்கு அந்தக் காவல் இல்லை. சக்கரம் தள்ளும் வேகத்துக்கு அது ஆடும். ஆகவே வில் தளர்ந்தாலோ எண்ணெய் கெட்டியானாலோ பத்து நொடி பன்னிரண்டாகும், சில சமயம் பாதியில் நின்றே போகும். பரணிலிருந்து எடுத்த தாத்தாவின் கேமராவில் முதல் காரியமாக டைமர் நெம்புகோலைத் திருகாதீர்கள். அது நடுவில் சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். பழுது பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடுவது நல்லது.

அடங்காத அதிர்வு ஒன்று

இன்றைய கேமராவில் பல்சக்கரம் இல்லை. ஒரு குவார்ட்ஸ் படிகத் துண்டு மின்சாரத்தால் அதிர்ந்துகொண்டிருக்கிறது. சில்லு அந்த அதிர்வை எண்ணுகிறது. கைக்கடிகாரங்களில் இந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதனால்தான் அந்த எண். கேமராவின் டைமரும் இதே எண்ணும் முறையில் இயங்குகிறது.

ட்ரைபாட் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் வீச்சில் கால் பங்கை இழப்பதாகக் கணக்கிட்டோம். குவார்ட்ஸ் படிகம் ஓர் அதிர்வில் இழப்பது அணுவளவு. அதையும் மின்கலம் உடனுக்குடன் ஈடுகட்டிவிடுகிறது. ஒன்று அடங்கும் வரை மற்றொன்று எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் அதே இயற்பியல்தான். தணிவின் அளவு மட்டும் வேறு. அதிர்வை வெறும் தொல்லையாக நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம். நாம் நேரம் என்று அளப்பதெல்லாம் அடங்க மறுக்கும் ஏதோ ஓர் அதிர்வின் எண்ணிக்கையே.

பத்து நொடியின் கணக்கு

ஓடிப்போய் நிற்கும் டைமருக்கும் தனி அறிவியல் உண்டு. இடம், சங்குமுகம் கடற்கரை. கடலைப் பின்னணியாக வைத்துக் குடும்பம் நிற்கிறது. கேமராவுக்குப் பொறுப்பானவர் பொத்தானை அழுத்திவிட்டு ஓடுகிறார். வேகமாக நடந்தால் நொடிக்கு ஒன்றரை மீட்டர் போகலாம். மணலில் அதிலும் குறைவு. திரும்பி நின்று முகத்தைச் சரிசெய்ய மூன்று நொடியாவது வேண்டும். கேமராவை எட்டு மீட்டருக்குள் வைத்தால் நிதானமாகப் போய் நிற்கலாம்.

தவறு பெரும்பாலும் வேறிடத்தில் நடக்கிறது. பல கேமராக்கள் டைமர் பொத்தானை அழுத்தும் கணத்திலேயே ஃபோகஸை முடிவு செய்துவிடுகின்றன. நடுவில் தனக்கென்று இடம் விட்டு வைத்திருக்கிறார் அல்லவா? அந்த வெற்றிடத்தில் அப்போது தெரிவது கடல். கேமரா கடலைக் குறித்துக்கொள்ளும். அலைகள் கூர்மையாகவும் முகங்கள் மங்கலாகவும் படம் வரும். பொத்தானை அழுத்தும்போது குறி ஒரு முகத்தின் மேல் இருக்கட்டும். கேமராவின் முன்னால் நின்றுகொண்டு கையை நீட்டி அழுத்தவும் கூடாது. அப்போது கேமரா உங்கள் சட்டையைத்தான் பார்க்கும்.

எஸ்.எல்.ஆர் கேமராவின் கழுத்துப்பட்டியில் ஒரு சின்ன ரப்பர் மூடி கோத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். எதற்கென்று தெரியாமலே விட்டிருப்பார்கள். அது செல்ஃப் டைமருக்கானது. கண்ணை வைத்துப் பார்க்கும்போது நம் முகமே கண்ணாடித் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. நாம் ஓடிப்போய்விட்டால் அந்தத் துவாரம் வழியாக வெளி ஒளி உள்ளே புகுந்து, ஒளியை அளக்கும் உறுப்பை ஏமாற்றும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்து கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். துவாரத்தை மூட அந்த ரப்பர்.

மிச்சமிருப்பது கண் சிமிட்டல். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் இதற்குக் கணக்கே போட்டார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2006-இல் அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் சொன்ன வழி எளிது. இருபது பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும். வெளிச்சம் குறைவென்றால் இரண்டால். பதினைந்து பேர் என்றால் பகலில் ஐந்து படம், அந்தியில் ஏழெட்டு. அவ்வளவு எடுத்தால் எல்லோரும் கண் திறந்திருக்கும் படம் ஒன்றாவது தேறிவிடும். டைமர் முடிந்ததும் அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. ஒரு படத்துக்கு ஒருமுறை ஓடிவர வேண்டியதில்லை.

டைமரால் ஆகாதவை

விரலின் அதிர்வை மட்டுமே டைமர் நீக்கும். கிழக்கே கோட்டையில் பேருந்துகள் கடந்து செல்லும்போது தரை அதிர்கிறது. அது டைமருக்குக் கட்டுப்படாது. காற்றும் கட்டுப்படாது, கேமராவின் வாரைக் கழற்றிவிட்டால் அது படபடப்பதாவது குறையும். எஸ்.எல்.ஆர் கேமராவுக்குள் படம் விழும் முன் கண்ணாடி ஒன்று மேலே எழும்பி மோதும். அந்த மோதலும் ஓர் உதைதான், அதுவும் டைமர் முடிந்தபின் விழும் உதை. இதை அறிந்த சில நிறுவனங்கள் 2 நொடி டைமரில் கண்ணாடியை முதலில் தூக்கிவிட்டு, பிறகு காத்திருக்கும்படி அமைத்திருக்கின்றன. உங்கள் கேமராவின் கையேட்டில் தேடிப் பாருங்கள்.

கடற்கரையில் இன்னொரு சிக்கல். ஈர மணலில் ட்ரைபாடின் கால்கள் மெல்லப் புதைந்துகொண்டே இருக்கும். அலை வந்து வடியும்போது காலடியில் மணல் அரிபடும். ஆடி அடங்கும் அசைவுக்குத்தான் காத்திருப்பு மருந்து. ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருப்பதற்குக் காத்திருந்து பயனில்லை. கால்களை முதலிலேயே நன்றாக அழுத்திப் புதைத்துவிடுவதே வழி.

ட்ரைபாடே வைக்க முடியாத இடங்களும் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. வெளியே, கோபுரத்தின் எதிரில் ட்ரைபாடை விரிக்கும் முன் அங்கிருக்கும் காவலர்களிடம் கேட்டுக்கொள்வது முறை. கூடாது என்றால் கைபேசியையோ கேமராவையோ ஒரு கட்டைச்சுவரின் மேல் துணிப்பையை மடித்து வைத்து, 2 நொடியோ 3 நொடியோ டைமர் போட்டு எடுக்கலாம். கல் சுவரின் தணிவு எந்த ட்ரைபாடுக்கும் சளைத்ததல்ல. மலிவான ட்ரைபாடில் விரலால் அழுத்தி எடுத்ததைவிட அந்தப் படம் கூர்மையாக வரும் வாய்ப்பே அதிகம்.

உங்கள் ட்ரைபாடைச் சோதியுங்கள்

மேலே போட்ட கணக்கில் பத்து ஆட்டம், முக்கால் பங்கு என்பதெல்லாம் நாம் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ட்ரைபாடின் உண்மையான எண்ணை வீட்டிலேயே அளக்கலாம். கேமராவை அதில் பூட்டி, உங்களிடமுள்ள நீளமான லென்ஸைப் போடுங்கள். தொலைவில் உள்ள ஏதாவது எழுத்தை, எதிர்வீட்டு மின்கம்பத்தின் எண்ணாக இருந்தாலும் சரி, பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். ட்ரைபாடின் காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். எழுத்து துள்ளும், நடுங்கும், அடங்கும். எத்தனை நொடியில் அடங்குகிறது என்று எண்ணுங்கள்.

பிறகு நடுக்கம்பியைத் தாழ்த்தி மறுபடி தட்டுங்கள். கால்களைக் குட்டையாக்கிப் பாருங்கள். நடுவில் கனமான பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், பை ஊசலாடாமல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். எந்த மாற்றம் அடங்கும் நேரத்தைக் குறைக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். புதிய லென்ஸுக்குச் செலவிடும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பவர்கள், தங்களிடம் ஏற்கெனவே உள்ள லென்ஸ் எவ்வளவு கூர்மையானது என்று தெரிந்துகொள்வார்கள். இத்தனை நாள் அந்தக் கூர்மை நம் விரலின் அவசரத்தில் வீணாகிக்கொண்டிருந்தது.

கிடைத்த விடை இரண்டு நொடிக்குள் இருந்தால் சின்ன எண்ணை வையுங்கள். தாண்டினால் யோசிக்காமல் பத்தை வையுங்கள். வரும் மார்ச்சிலோ செப்டம்பரிலோ கிழக்கே கோட்டைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே செய்துவிட்டுப் போவது நல்லது. அந்தி இருபது நிமிடம்தான், அதை ட்ரைபாடோடு மல்லுக்கட்டிக் கழிக்க வேண்டியதில்லை.